ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு எந்தப் பரிசோதனை தேவை, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "எனக்கு 52 வயது. உட்லண்ட்ஸில் இருக்கிறோம். மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் சேரச் சொல்லி மூன்று முறை குறுஞ்செய்தி வந்தது, இன்னும் சேரவில்லை. பெரிதாக நோய் ஒன்றும் இல்லை. முட்டியும் விரல்களும் வலிக்கின்றன, இரவில் தூக்கம் சரியில்லை, அவ்வளவுதான். எந்தப் பரிசோதனை அவசியம்? தனியாரிடம் முழு உடல் பரிசோதனைக்கு 600 வெள்ளி கேட்கிறார்கள், செய்துகொள்ளலாமா? 74 வயது அம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்கு என்னென்ன பார்க்க வேண்டும்?"

அந்த 600 வெள்ளியை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். முதலில் அந்தக் குறுஞ்செய்தியைத் திறந்து பதிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பலதுறை மருந்தகத்தில் 30 வருடத்துக்கு மேல் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நம் பெண்கள் அங்கே பெரும்பாலும் துணைக்குத்தான் வருவார்கள். மாமனாருக்குக் கண், கணவருக்கு ரத்தக் கொதிப்பு, பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி. ஒரு அம்மா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார். கணவருக்கு இனிப்புநீர். அவருடைய சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கி, மூன்று மாதத்துக்கு முந்தைய சர்க்கரை அளவைக் கூடப் பார்க்காமல் சொல்வார். ஒருநாள் காத்திருந்த நேரத்தில், "உங்களுக்கு பிரஷர் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன மிஸ்ஸி, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தேன். 168க்கு 94. சற்று நேரம் விட்டு இன்னொரு முறை பார்த்தேன், கிட்டத்தட்ட அதே அளவுதான். எத்தனை வருடமாக அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அவர் கையில் யாரும் பட்டை கட்டிப் பார்த்ததே இல்லை. கடைசிப் பிள்ளைக்கு அப்போது 24 வயது.

ஐம்பது வயதில் பெண்ணுக்கு வேண்டியது, தன்னைப் பற்றித் தெரிந்த ஒரு மருத்துவர். ஊர்பேர் தெரியாத இடத்தில் ஒரே நாளில் எடுக்கிற நாற்பது பரிசோதனை அதற்கு ஈடாகாது. சிங்கப்பூரில் 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி அந்த ஏற்பாட்டைத்தான் செய்து தருகிறது. ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் மூலம் நுழைந்து, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கையோ பலதுறை மருந்தகத்தையோ தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. உங்களோடு உட்கார்ந்து பேசி ஒரு சுகாதாரத் திட்டம் போடுவார்கள். குடிமகளாக இருந்தால், இரத்தப் பரிசோதனை, கருப்பை வாய்ப் பரிசோதனை, மலப் பரிசோதனை ஆகிய மூன்றும், வயதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளில் பெரும்பாலானவையும் அங்கே இலவசம். பிடிக்காவிட்டால் கிளினிக்கை மாற்றிக்கொள்ளலாம்.

கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றே ஒன்று பாருங்கள். அந்த டாக்டரிடம் வெட்கமில்லாமல் பேச உங்களால் முடியுமா? பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் தொலைபேசியில் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால் அதையும் கேளுங்கள். தூரம் ஒரு எம்ஆர்டி நிலையம் கூடினாலும் பரவாயில்லை.

இனி உங்கள் முட்டி வலியும் தூக்கமும். "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டது என்று கணக்கு, ஆகவே நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். மாதவிடாய் நின்றால் உடம்பு குப்பென்று சூடாகி வியர்க்கும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இங்கே என்யுஎச் மருத்துவமனையில் 45 முதல் 69 வயது வரை உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கேட்டு நடந்த ஆய்வில், அதிகம் பேரைப் படுத்தியது மூட்டு வலியும் தசை வலியும்தான். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூட்டு, தோல், தூக்கம், மனநிலை, சிறுநீர்ப்பை எல்லாவற்றிலும் அது தெரியும். வயதாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு குறைவு, இரத்தசோகை, மனச்சோர்வு இவையும் இதே மாதிரித்தான் காட்டும், அவற்றைப் பார்த்து விலக்க வேண்டும். காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது வாத நோயாகவும் இருக்கலாம்.

ஹார்மோன் மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கட்டாயம் யாராவது உங்களைப் பயமுறுத்துவார்கள். அந்தப் பயம் 2002இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63, பலருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்போது மருத்துவர்கள் பார்ப்பது வேறு கணக்கு. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுக்குள், தொந்தரவு நிஜமாகவே அதிகமாக இருந்தால், பெரும்பாலான ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மைதான் கூடுதல். கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துவிடும். இரண்டையும் சேர்த்து வருடக்கணக்கில் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடும், அதையும் டாக்டர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும். சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால் பலதுறை மருந்தகத்திலிருந்தோ அரசாங்கத்தின் சாஸ் சலுகைத் திட்டத்தில் உள்ள கிளினிக்கிலிருந்தோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கேகே மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கடிதத்தோடு போனால் சலுகைக் கட்டணம், நேரே போனால் முழுக் கட்டணம்.

அடுத்ததை எல்லாப் பெண்களிடமும் கையைப் பிடித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் டாக்டரைப் பாருங்கள். ஒரு சொட்டு. பழுப்பாகப் பட்டாலும் சரி, ஒரே ஒரு நாள் வந்து நின்றுவிட்டாலும் சரி.

என்னிடம் வந்த ஒருவர், 58 வயது, தீபாவளிக்கு முன்பு உள்ளாடையில் கறை பார்த்திருக்கிறார். "இளமை திரும்புது போலன்னு நினைச்சேன் மிஸ்ஸி" என்று வெட்கத்தோடு சொன்னார். பிறகு நின்றுவிட்டது. தைப்பூசத்துக்கு விரதம் இருந்தபோது மறுபடி பட்டது. கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று வருத்தப்பட்டாரே தவிர, டாக்டரிடம் வரவில்லை. எங்களிடம் வந்தபோது ஜூன் மாதம், அதுவும் காய்ச்சலுக்காக. ஸ்கேனில் கருப்பை உட்சுவர் தடித்திருந்தது, சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய். நல்ல வேளையாகப் பரவவில்லை. கருப்பையை எடுத்தார்கள், நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசையும்.

இப்படி இரத்தம் படும் பெரும்பாலோருக்குக் காரணம் சாதாரணமானதாகவே இருக்கும், பெண்ணுறுப்பின் உள்வறட்சி, சிறு சதை வளர்ச்சி இப்படி. ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் புற்றுநோயாக இருக்கிறது. இங்குள்ள பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் கருப்பை நான்காவது, மார்பகம், பெருங்குடல், நுரையீரல் இவற்றுக்கு அடுத்து. நோய் ஒன்றுமில்லாத பெண்ணுக்கு இதைக் கண்டுபிடிக்க வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. கருப்பை வாய்ப் பரிசோதனை செய்தேனே என்று பலர் நினைக்கிறார்கள். அது கருப்பையின் வாய்ப் பகுதிக்கு மட்டும், உள்ளே இருப்பதை அது காட்டாது. ஆகவே இந்த இரத்தம்தான் உங்களுக்கு வரும் எச்சரிக்கை. உடல் பருமனும் இனிப்புநீரும் இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

சரி, பரிசோதனைகளுக்கு வருவோம்.

மாமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. 40 முதல் 49 வரை டாக்டரிடம் பேசிவிட்டு வருடம் ஒருமுறை, 50 முதல் 69 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. உங்களுக்கு இரண்டாவது கணக்கு. 2002இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பல பலதுறை மருந்தகங்களிலேயே எடுக்கிறார்கள். முன்பதிவு வேண்டும், குடிமக்களுக்குச் சலுகை விலை, 50 வயதானால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்தும் கட்டலாம். இத்தனை வசதி இருந்தும் இந்த வயதுப் பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களே காலத்தோடு செய்துகொள்கிறார்கள்.

வலிக்கும் என்றுதான் பயப்படுகிறார்கள். ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இடுப்புக்கு மேல் உடையைக் கழற்றி முன்பக்கம் திறக்கிற அங்கியைப் போட்டுக்கொள்வீர்கள். ஒரு பெண் ஊழியர் மட்டும் கூட இருப்பார். மார்பகத்தை ஒரு தட்டின்மேல் வைத்து, மேலிருந்து இன்னொரு கண்ணாடி மாதிரித் தட்டு இறங்கி அழுத்தும். அழுத்தம் இருக்கத்தான் செய்யும், கதவிடுக்கில் விரல் மாட்டினாற்போல ஒரு பத்து விநாடி. ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம், மொத்தம் நான்கு. முடிந்தது. அன்றைக்கு அக்குளில் பவுடரோ வாசனைத் திரவியமோ போட வேண்டாம், அதன் துகள் படத்தில் புள்ளியாகத் தெரியும். சேலையோ ஒற்றை உடையோ வேண்டாம், மேலாடை தனியாக இருந்தால் எளிது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று சிலர் திரும்பிப் போயிருக்கிறார்கள். பலர் அதை முதுகுப்பக்கம் தள்ளி ஒட்டிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள், கேட்டால் வழி செய்து கொடுப்பார்கள். இன்னும் சில படம் எடுக்க வேண்டும் என்று மறுபடி கூப்பிட்டால் உடனே அழாதீர்கள். அப்படிக் கூப்பிடப்படும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

ஒன்று கவனியுங்கள். இதெல்லாம் அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கு. வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிவது, காம்பில் இரத்தக் கசிவு, இதில் எது இருந்தாலும் மாமோகிராம் முறை வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லுங்கள். நம் குடும்பங்களில் இதை மறைத்து வைக்கிற பழக்கம் இருக்கிறது. ஊரில் உள்ள சித்தி எதனால் இறந்தார் என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

கருப்பை வாய்க்கு 30 முதல் 69 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, எச்பிவி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. "வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷமாச்சு, எனக்கெதுக்கு இது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கிருமி சத்தமில்லாமல் பல வருடம் உள்ளே இருக்கும், நோயாக மாறப் பத்து இருபது வருடம் எடுக்கும். ஆகவே தனியாக இருப்பவர்களுக்கும் இது உண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்வறட்சியால் கருவி உறுத்தலாம். "சின்னக் கருவியா போடுங்க, வறட்சியா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், தாதிக்கு அது புதிதில்லை. வீட்டில் உயர்நிலை ஒன்றில் படிக்கும் பெண் இருந்தால் பள்ளியில் போடும் எச்பிவி தடுப்பூசிப் படிவத்தில் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். அது 2019 முதல் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது.

பெருங்குடலுக்கு 50 வயதிலிருந்து வருடம் ஒருமுறை மலப் பரிசோதனை. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்தப் பெட்டியை இலவசமாகத் தருகிறது. இரண்டு வெவ்வேறு நாளில் குச்சியால் மலத்தை லேசாகக் கீறிக் குழாயில் போட்டு அஞ்சலில் அனுப்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை அது கண்டுபிடிக்கும். இரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள், "எனக்கு மூலம் இருக்கு, அதுதான்" என்று. மூலம் இருப்பவருக்குக் குடலில் சதை வளர்ச்சியும் இருக்கலாம். உள்நோக்கியில் பார்த்து அப்போதே அதை எடுத்துவிட்டால் புற்றுநோயாக மாறாமலே போய்விடும்.

இப்போது இனிப்புநீர், கொதிப்பு, கொழுப்பு. 40 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. நமக்கு அதைச் சற்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே இனிப்புநீர் மற்ற இனத்தவரைவிடக் கூடுதல். நம் உடல்வாகில் கை கால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றில் சேரும். ஆகவே இங்கே உடல் எடைக் குறியீட்டில் 23லிருந்தே எச்சரிக்கை, 27.5க்கு மேல் அதிக அபாயம். 158 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோவும் உள்ள பெண்ணைப் பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் அவருடைய குறியீடு 24.8. தையல் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை வந்ததா? பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று மறந்திருப்பீர்கள். அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் இனிப்புநீர் வரும் வாய்ப்பு பல மடங்கு. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அதுவும் பின்னாளில் இதயத்துக்கு ஒரு முன்னறிவிப்பு. 25 வருடத்துக்கு முந்தைய விஷயம்தானே என்று விடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் இரண்டு தகவல் இவை.

இதய நோயை ஆண்களின் நோய் என்று நினைக்கிறோம். இங்கே நிகழும் மரணங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றுக்கு இதய நோயோ பக்கவாதமோ காரணம், அதில் பெண்களும் நிறைய. மாதவிடாய் நின்ற பிறகு கெட்ட கொழுப்பும் இரத்த அழுத்தமும் ஏறத் தொடங்கும். மாரடைப்பில் பெண்ணுக்கும் நெஞ்சு வலிக்கும். ஆனால் சில நேரம் தாடை, முதுகு, மேல்வயிறு என்று வலி இடம் மாறி, மூச்சு வாங்கி, குளிர்ந்து வியர்த்து வரும். வாயுத் தொல்லை என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராமல் 995க்கு அழையுங்கள். சமையலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை, தட்டில் பாதி காய்கறி பழம், கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ மீனோ முட்டையோ என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். நம் வீட்டில் எங்கே தவறுகிறது என்றால் இரவு உணவில். "சோறு சாப்பிடறதில்லை, மூணு தோசைதான்" என்பார்கள். அந்த மூன்று தோசையும் அரிசிதானே. ஒன்றைக் குறைத்து, சாம்பாரில் பருப்பைக் கூட்டி, பக்கத்தில் ஒரு முட்டையோ வதக்கிய தௌகுவாவோ (சோயாக் கட்டி) வையுங்கள். சைவமாக இருப்பவர்களுக்கு இந்த வயதில் புரதம்தான் பெரிய பற்றாக்குறை. காப்பிக் கடையில் சர்க்கரை போடாத கோப்பி சி கோசோங் என்று கேட்டுப் பழகினால் ஒரு மாதத்தில் நாக்கு மாறிவிடும்.

நடப்பது நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது. வாரம் 150 நிமிடமாவது மூச்சு வாங்க நடப்பதோடு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். முட்டி வலிக்கிறது என்று நீங்கள் சொன்னதால் சொல்கிறேன், தொடைத் தசை பலமானால் அந்த வலி குறையும்.

இன்னொன்று, இருமினாலோ சிரித்தாலோ சிறுநீர் கசிவது. உங்களுக்கு இருக்கிறதா தெரியாது, உங்கள் தோழிகளில் யாருக்காவது கட்டாயம் இருக்கும். பெரிய பேரங்காடிக்குப் போனால் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பது, நீண்ட தூரப் பேருந்தைத் தவிர்ப்பது, கல்யாண வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, இப்படியே வருடங்கள் போகும். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று மாமியார் சொல்லியிருப்பார். இதற்கு வைத்தியம் இருக்கிறது. இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் சரியாகச் சொல்லிக் கொடுத்து, மூன்று மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலோருக்கு நல்ல மாற்றம் தெரியும். அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதற்கும் உள்வறட்சிக்கும் அங்கேயே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் மருந்து உண்டு, அது உடம்பில் மிகக் குறைவாகவே கலக்கும். கணவனோடு சேரும்போது வலிக்கிறது என்பதையும் இந்த வயதில் டாக்டரிடம் சொல்லலாம். எனக்குத் தெரிந்த எந்த நல்ல டாக்டரும் அதைக் கேட்டு முகம் சுளித்ததில்லை.

இப்போது 600 வெள்ளித் தொகுப்பு. நம் சுகாதார அமைச்சு பரிசோதனைகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. முதல் வகை, அந்த வயதுள்ள எல்லாருக்கும் பயன் தருவது. இரண்டாவது, சிலருக்கு மட்டும், டாக்டரோடு பேசி முடிவு செய்வது. மூன்றாவது, பரிந்துரைக்கப்படாதது. மேலே நான் சொன்ன பரிசோதனைகள் முதல் வகை. தொகுப்பில் எண்ணிக்கையைக் கூட்டுவது பெரும்பாலும் மற்றவைதான். உதாரணமாக சிஏ125 என்று சினைப்பைப் புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை. அறிகுறி இல்லாத பெண்ணுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. சாதாரணக் கட்டியாலும் கூட அந்த அளவு ஏறும், அப்புறம் ஸ்கேன், பயம், சில நேரம் தேவையில்லாத அறுவை சிகிச்சை. என் சொந்தத் தங்கைக்கே இது நடந்தது. ஒரு தனியார் நிலையத்தில் அந்த எண் சற்றுக் கூடுதல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், விளக்கிச் சொல்ல ஆளில்லை. ஆறு வாரம் அவள் தூங்கவில்லை. கடைசியில் ஒன்றுமில்லை. உங்களிடம் மிச்சப் பணம் இருந்தால் அதை நல்ல காலணிக்கும் பல் மருத்துவருக்கும் செலவழியுங்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். 74 வயதில் கணக்கு மாறும். கருப்பை வாய்ப் பரிசோதனை, முன்பு ஒழுங்காகச் செய்து சரியாக இருந்தால், 69 வயதோடு நிறுத்தலாம். மாமோகிராம் வேண்டுமா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். அவருக்கு இப்போது முக்கியம் எலும்பு, விழாமல் இருப்பது, கண், காது, மருந்துகள்.

எலும்புக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது, ஆசியப் பெண்களுக்கென்றே உருவாக்கியது. வயதிலிருந்து எடையைக் கழியுங்கள். விடை 20க்கு மேல் என்றால் எலும்புத் தேய்மான அபாயம் அதிகம், எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்ய வேண்டும். பூஜ்யத்திலிருந்து 20க்குள் என்றால் நடுத்தரம், வேறு காரணங்களும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அம்மா 48 கிலோ என்று வையுங்கள், 74இல் 48 போனால் 26. பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நிற்கும்போது தவறி விழுந்து மணிக்கட்டு உடைந்திருந்தாலோ, பழைய புகைப்படத்தைவிட உயரம் குறைந்து கூன் விழுந்திருந்தாலோ கணக்கே பார்க்க வேண்டாம், நேரே டாக்டரிடம் சொல்லுங்கள். 50 வயதுக்கு மேல் நாளுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு குவளைப் பாலில் 300 வரும். கேழ்வரகுக் கூழ், முள்ளோடு தின்கிற இக்கான் பிலிஸ் (நெத்திலி), தௌகுவா இவையெல்லாம் கை கொடுக்கும். காலை வெயிலில் கொஞ்ச நேரம் கீழே புளோக்கைச் சுற்றி நடக்கட்டும்.

வீட்டில் விழுவது பெரும்பாலும் குளியலறையில். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடாக இருந்து 65 வயதுக் குடிமகன் ஒருவர் அங்கே இருந்தால் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை இவற்றைப் போட்டுத் தருகிறார்கள், வீட்டு வகையைப் பொறுத்து செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு மட்டும் நீங்கள் கட்டினால் போதும். அம்மா இரவில் எழுந்து போகும் வழியில் உள்ள மிதியடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

தடுப்பூசியில் சளிக்காய்ச்சல் ஊசி வருடா வருடம், நிமோனியா ஊசி, 60 வயதுக்கு மேல் அக்கிப் புண்ணுக்கான ஊசி இரண்டு தவணை. அக்கி ஊசிக்கு 2025 செப்டம்பர் முதல் குடிமக்களுக்கு மானியம் உண்டு. அக்கி வந்து போன பிறகும் மாதக்கணக்கில் எரிகிற வலியைப் பார்த்தவர்கள் இந்த ஊசியை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கண், காது, பல் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் புரோஜெக்ட் சில்வர் ஸ்கிரீன் இருக்கிறது, 5 வெள்ளிக்கு மேல் ஆகாது.

மருந்துகள் விஷயத்தில் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். எல்லா மருந்தையும் என்றால், பிஸ்கட் டப்பாவில் இருப்பதும், சென்னையிலிருந்து சித்தப்பா கொண்டுவந்ததும், தேக்காவில் வாங்கிய லேகியமும் சேர்த்து. ஒரு பாட்டியின் பையில் ஒரே கொதிப்பு மாத்திரை இரண்டு பெயரில் இருந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றுதான் வந்திருந்தார். முட்டி வலிக்கு ஊரில் வாங்கிய மாத்திரையைத் தினமும் போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

நீண்டகால வருகை அட்டையில் வந்திருக்கும் மாமியாரோ அத்தையோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இந்தச் சலுகைகள் கிடையாது. அவர்களுக்குத் தொகுப்பு வாங்காமல் இரத்த அழுத்தம், சர்க்கரை, கண், எலும்புக் கணக்கு இந்த நான்கிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் தூக்கத்துக்குத் திரும்பி வருகிறேன். வேலைக்கும் போய், அம்மாவையும் பார்த்து, பிள்ளைகளையும் பார்ப்பவருக்கு மூன்று மணிக்கு விழிப்பு வருவது ஹார்மோனால் மட்டும் இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 1771 என்ற எண் எந்நேரமும் இருக்கிறது.

முதல் சந்திப்புக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசி மாதவிடாய் எந்த மாதம், பிரசவத்தில் சர்க்கரையோ கொதிப்போ இருந்ததா, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், இப்போது எது உங்களை அதிகம் படுத்துகிறது. டாக்டரைப் பார்க்கும் நேரம் குறைவு, கூச்சமான விஷயத்தை முதல் வரியில் எழுதுங்கள். கடைசியில் வைத்தால் கதவருகே நின்று "இன்னொண்ணு டாக்டர்" என்று ஆரம்பிப்பீர்கள், அதற்குள் அடுத்த எண் கூப்பிட்டுவிடுவார்கள். இரத்தம் எடுக்கப் பட்டினியாக வரச் சொன்னால் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள், கோப்பியும் கூடாது. தண்ணீர் நன்றாகக் குடித்திருந்தால் நரம்பு சட்டென்று கிடைக்கும். பையில் ஒரு ரொட்டி வைத்துக்கொள்ளுங்கள், இரத்தம் எடுத்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகலாம்.